திருச்செந்தூர் – வழி: பழையகாயல்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் போகும் சாலை சுமார் 40 கிலோமீட்டர்தான். முத்தையாபுரம், ஸ்பிக் நகர், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று கண்டக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். முருகனைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் உப்பளம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார்கள். ஆனால் நம் மாவட்டத்தின் இரண்டாயிரம் வருடக் கதை இந்த ரோட்டோரம்தான் கிடக்கிறது, நண்பர்களே!

முக்காணியிலிருந்து மேற்கே போனால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பிலேயே அதன் முத்துக்குளிப்பு இருக்கிறது. இன்று அங்கே நின்றால் வாழைத்தோட்டம்தான் தெரியும். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தள்ளியது யார்? நம்ம தாமிரபரணிதான். வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறைமுகத்தையே மேடாக்கிவிட்டது. பிறகு வணிகம் காயலுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தபோது அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. அந்தக் காயல்தான் இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் ஆராய்ந்து எழுதினார். அதையும் வண்டல் விடவில்லை. கடைசியில் ஆற்றுமுகத்தை விட்டு விலகியிருந்த தூத்துக்குடி தலையெடுத்தது. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. 1974-இல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமானது.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். ஆறும் குளத்து மறுகாலும் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுது. ரோடு வடக்கு தெற்கா ஓடுது. அதாவது தண்ணீருக்குக் குறுக்கே 40 கிலோமீட்டருக்கு நாம் ஒரு கரை போட்டிருக்கிறோம்! அதில் தண்ணீருக்கு உள்ள வாசல் பாலங்களின் கண்கள் மட்டுமே. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. துறைமுகங்களை மேடாக்கிய அதே ஆறு ரோட்டின் மேல் ஏறி வந்தது. ஆத்தூர், ஏரல் பக்கத்து ஊர்கள் தீவாகிவிட்டன. அகலமாக்க வேண்டும், அகலமாக்க வேண்டும் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். கண்ணைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எங்க தாத்தா இந்த ரோட்டில் ஜல்லி உடைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் போகும்போது, "இது மூணு கண்ணு, அது ரெண்டு கண்ணு" என்று பாலம் பாலமாகச் சொல்லிக்கொண்டே வருவார். வெள்ளம் வடிந்த பிறகு ஓரிடத்தைக் காட்டி, "இங்ஙன இன்னும் ரெண்டு கண்ணு வச்சிருக்கணும்ல, எய்யா" என்றார். கல்வெர்ட் டிசைன் பாடத்தில் ஃபார்முலா போட்டு நாங்கள் கண்டுபிடிப்பதும் அதைத்தான். எங்க வீட்டில் ரோட்டுக்கு மண் சுமந்தவர்கள் உண்டு. ரோட்டின் பிளானை வாசிக்கப் போகிறவன் நான்தான் முதல் ஆள்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு முக்காணி முதல் ஆறுமுகநேரி வரை ஒவ்வொரு பாலத்தின் கண்ணையும் அளந்து வரைபடம் போட எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. தாத்தாவும் வருகிறேன் என்கிறார். பஸ் வேண்டாமாம், சைக்கிள்தானாம். கேரியரில் உட்கார்ந்து வர அவர் தயார். மிதிக்கப்போவது யார் என்றுதான் குழுவில் இன்னும் பேச்சு நடக்கிறது.