கொலுப்படிச் சிங்கமும் கிர் காட்டுச் சிங்கமும்

மங்களூர் என்றதும் கப்பலும் கடலும் நினைவுக்கு வருகிறதா, அம்மணி? அது வேறு மங்களூர்! நான் சொல்வது விருத்தாசலம் பக்கத்து மங்களூர். அங்கே என் சித்தி வீடு. போய் வரும்போதெல்லாம் விருத்தாசலத்தில் இறங்கிப் பீங்கான் பொம்மை வாங்காமல் நான் ஊர் திரும்பியதில்லை. போன தடவை வாங்கியது ஒரு சிங்கக் குடும்பம். பிடரி மயிரோடு அப்பா, ஒட்டி உட்கார்ந்த அம்மா, காலடியில் இரண்டு குட்டிகள். கொலுவில் மூன்றாம் படியில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம், "என்ன ஒற்றுமையான குடும்பம்!" என்றார்கள்.

அந்த ஒற்றுமையை நேரில் பார்க்கத்தான் குஜராத்துக்குக் கிளம்பினோம், நானும் என் பெண்ணும். ஜூனாகட் போய், அங்கிருந்து சாசன் கிர். விடியற்காலையில் ஜீப். இருபுறமும் தேக்கு மரங்கள். ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. மர நிழலில் இரண்டு பெண் சிங்கங்கள். அவற்றின் மேல் ஏறி விழுந்து விளையாடும் மூன்று குட்டிகள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அப்பா எங்கே?" என்றாள் என் பெண்.

வழிகாட்டி சிரித்தார். அப்பா கூட இருக்கிற வழக்கம் இங்கே இல்லையாம்! ஆப்பிரிக்காவில் ஆணும் பெண்ணும் கூட்டமாக வாழும். கிர் காட்டில் பெண்கள் தனி, ஆண்கள் தனி. தாய், மகள், அக்கா, தங்கை என்று சிறு கூட்டமாக இருந்து குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். ஆண்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து பெரிய எல்லையைக் காவல் காக்கும். இணை சேரும் காலத்திலும் பெரிய இரை விழுந்தாலும்தான் சந்திப்பு. இரை பெரும்பாலும் புள்ளிமான். பெரிய கூட்டத்துக்கு அது எப்படிப் போதும்?

இந்த ஏற்பாட்டில்தான் மனிதன் கை வைக்கிறான், நல்ல எண்ணத்தோடு! ஜூனாகட் நவாபின் காவலில் விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருந்த சிங்கங்கள் 2015-ல் 523, 2020-ல் 674, 2025-ல் 891 என்று பெருகியிருக்கின்றன. 1965-ல் சரணாலயம், பிறகு தேசியப் பூங்கா. வேலிக்கு வெளியேயும் வயல், கடற்கரை என்று பரவிவிட்டன. இதெல்லாம் பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் பயணிகள் பார்ப்பதற்காக ஒரு காலத்தில் எருமைக் கன்றைக் கட்டிப் போட்டுச் 'சிங்கக் காட்சி' நடத்தினார்களே, அது என்ன செய்தது? உணவு கிடைக்கிற இடத்தில் சிங்கங்கள் நெருங்கிக் குவிந்தன. இப்போது ஆராய்ந்தவர்களும், இரை மான்களின் எண்ணிக்கையைவிட மனிதர் உணவு வைக்கிற இடமே சிங்கங்களின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். சத்திரத்துச் சாப்பாட்டைச் சுற்றி ஊர் கூடுகிற கதை!

ஆணைப் பிடித்துச் செல்வது இன்னும் சங்கடம். 2016-ல் அம்ரேலி மாவட்டத்தில் மனிதர்களைச் சிங்கம் கொன்றபோது பல சிங்கங்களைப் பிடித்துச் சோதித்து, ஓர் ஆணைக் குற்றவாளி என்று கண்டார்கள். மக்கள் உயிர் பெரிது. வேறு வழி இல்லை. ஆனால் காவல்காரனை அகற்றினால் எல்லை காலியாகிவிடும். வெளியிலிருந்து வேறு ஆண்கள் வரும். வருகிறவை முதலில் செய்வது பழையவனின் குட்டிகளைக் கொல்வது. தாய் மறுபடியும் குட்டி ஈனத் தயாராக வேண்டுமே, அதற்காக!

தாய்மார்களும் சும்மா இருப்பதில்லை. பல ஆண் கூட்டுகளோடும் உறவு வைத்துக் கொள்கின்றன. தன் குட்டியாக இருக்கலாம் என்று ஒவ்வோர் ஆணும் நினைத்தால் கொல்ல மனம் வராதல்லவா? கேட்டதும் நான் வழிகாட்டியைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தேன்.

2018-ல் நாயிடமிருந்து வரும் ஒருவகை வைரஸ் நோய் தல்கானியா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்களை வாரிக்கொண்டு போனது. பக்கத்துச் சிங்கங்களைப் பிடித்து அடைத்துத் தடுப்பூசி போட்டார்கள். அடைபட்ட நாட்களில் அவற்றின் எல்லையை யார் காத்தார்கள் என்று கேட்டேன். வழிகாட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது அந்த மூன்று குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு தாய் மட்டும் காதை நிமிர்த்திக் காட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நவராத்திரிக்கு என் பெண் அப்பாச் சிங்கத்தை எடுத்து ஐந்தாம் படியில் தனியே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, அவன் மட்டும் அங்கே?" என்றார் என் மாமியார்.

"காவல் காக்கிறான், பாட்டி. அவனை நகர்த்தாதீங்கோ!"