மலங்கட்: ஒரு மலை, இரு பெயர்கள்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு தேடி மத்திய ரயில் பாதையோடு நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டோம்பிவிலியில் நிலைகொண்டன. அவ்வூரின் கிழக்குப் பகுதியில் உயர்ந்த மாடி ஒன்றிலிருந்து தென்கிழக்கே நோக்கினால் அடிவானத்தில் செங்குத்தாக எழும் பாறைத் தொடரே மலங்கட். ஏறத்தாழ 790 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் சமதளங்களுள் ஒன்று 'பீர் மாச்சி' எனப்படும். மலைக்கோட்டையின் இடைப்பட்ட சமதளத்தை மராத்தியர் மாச்சி என்பர். அங்கேதான் ஹாஜி மலங் எனப்படும் அப்துல் ரகுமானின் தர்கா உள்ளது. யேமனிலிருந்து வந்தவர் அவர் என்பது மரபு. அவ்விடமே நாத சம்பிரதாயத்தின் ஆதிகுருவான மச்சேந்திரநாதரின் சமாதி என்று நம்பி வணங்கும் இந்துக்களும் பலர். மச்சேந்திரநாதரையே தமிழ்ச் சித்தர் மரபு மச்சமுனி என்று போற்றுவதையும், அவரது சமாதி இருப்பதாகச் சொல்லப்படும் திருப்பரங்குன்றத்தின் உச்சியிலும் சிக்கந்தர் தர்கா இருப்பதையும் அறிந்த தமிழருக்கு இந்த இரட்டைப் பெயர் புதிதாகத் தோன்றாது.

புனித மலையை அரசர் நாடுவதற்கும் குடிமக்கள் நாடுவதற்கும் வேறுபாடு உண்டு. சீனத்தின் ஷான்டோங் மாகாணத்திலுள்ள தாய் ஷான் மலைமீது கி.மு. 219இல் ஏறிய பேரரசர் சின் ஷி ஹுவாங், தம் வெற்றியை வானுக்கும் மண்ணுக்கும் அறிவிக்கும் சடங்கைச் செய்தார். பிற்காலத்தில் அதே மலைக்குத் திரண்ட எளிய பெண்களோ, உச்சியில் கோயில் கொண்ட பீஷியா யுவான்ஜுன் என்னும் தேவியிடம் பிள்ளை வரம் கேட்டனர். மலங்கட்டிலும் இவ்விரண்டும் நிகழ்ந்தன. 1780இல் ஆங்கிலத் தளபதி ஆபிங்டன் இம்மலையைத் தாக்கினார். 1782இல் ஆங்கிலேயர் விலகியதும், நன்றிக் காணிக்கையாக மராத்திய ஆட்சித் தலைவரான பேஷ்வா அனுப்பிய பொன்னிழைப் போர்வையைக் அருகிலுள்ள கல்யாண் நகரைச் சேர்ந்த காசிநாத் பந்த் கேத்கர் என்னும் பிராமணர் கொண்டுவந்து தர்காவில் சாத்தினார். அதுமுதல் தர்காவின் நிர்வாகத்தில் கேத்கர் குடும்பத்துக்குப் பங்கு ஏற்பட்டது. 1817இல் கல்யாண் முஸ்லிம்கள் சிலர் அதை எதிர்த்தபோது, மகானின் விருப்பத்தைச் சீட்டுக் குலுக்கி அறியுமாறு கலெக்டர் பணித்தார். மூன்று முறையும் சீட்டு கேத்கர் பக்கமே விழுந்தது.

இந்த நிர்வாகம் பற்றிய வழக்கொன்றில் 1950களில் உச்ச நீதிமன்றம் இத்தலத்தை இருசாராருக்கும் பொதுவானதாகக் கண்டு, இந்துச் சட்டமோ முஸ்லிம் சட்டமோ அல்லாமல், அதற்கேயுரிய வழக்கமும் அறக்கட்டளைகளுக்கான பொதுச் சட்டமுமே அதனை ஆளும் என்றது. மலையின் வரலாற்றோடு முழுதும் பொருந்தும் முடிவு அது. 1980களில் தொடங்கிய உரிமைக் கிளர்ச்சிகள் எத்தரப்பின் பெயரால் எழுந்தாலும், அந்த வழக்கத்தைக் காத்துவந்த இரு சமயத்து முன்னோருக்கும் அவை இழைக்கும் அநீதி பெரிது. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப் சிங் நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்ததை அறிந்தோர் பேஷ்வாவின் போர்வையைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

கல்யாணிலிருந்து பேருந்தில் அடிவாரத்தை அடைவோர் படியேறத் தொடங்கும்போது, வழிநெடுகிலும் உள்ள கடைகளில் பூவும் ஊதுபத்தியும் சரிகை ஓரமிட்ட பச்சைச் சாதரும் விற்பனைக்கு இருக்கும். சாதர் என்பது கல்லறைமீது போர்த்தும் துணி. மராத்திய மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும், மகானின் நினைவு விழாவான உருஸில் கூட்டம் பெருகும். தாய் ஷானில் 1983இலேயே கம்பிவட ஊர்தி வந்தும் படியேறுவோர் குறையவில்லை. ஆகவே மலங்கட்டுக்கான சரிவு ரயிலால் புனிதம் குன்றும் என அஞ்ச வேண்டியதில்லை. வேண்டுதலோடு வந்து அடிவாரத்திலேயே நின்றுவிடும் முதியோருக்கு அது வழிவிடும்.