பெயர் சொல்லித் தேடி வருபவருக்கும் விளம்பரமா?

வானொலியில் விளம்பர நேரத்துக்கு விலைப் பட்டியல் உண்டு. முப்பது விநாடிக்கு இவ்வளவு, காலை வேளை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். கூகுள் தேடல் விளம்பரத்தில் அப்படியில்லை. யாராவது ஒரு சொல்லைத் தட்டித் தேடும் ஒவ்வொரு முறையும் நொடிக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது.

ஊடகத்துறை படித்ததால், குடும்பத்தில் விளம்பரம் பற்றிய கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். கடந்த தீபாவளி வியாபாரம் முடிந்ததும், கிள்ளானில் புடவைக் கடை நடத்தும் அக்கா கேட்டார்: "நம்ம கடைப் பேரைத் தட்டினா நம்ம கடைதான் முதல்ல வருது. அதுக்கு ஏன் தனியா காசு கட்டணும்?"

விளம்பரத்தைக் கவனிக்கும் நிறுவனம் அனுப்பிய அறிக்கையிலோ, மிக அதிகப் பலன் தந்த சொல் கடையின் பெயர்தான். அதில் வியப்பில்லை. பெயரைத் தட்டுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர், வந்த விருந்தினர் எல்லாரையும் தானே அழைத்து வந்ததாகக் கணக்குக் காட்டினால் எப்படி?

2012-இல் இபே நிறுவனம் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்திருக்க வேண்டியவர்களில் 99.5 விழுக்காட்டினர், அதன் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள்.

ஆனால் இபேயின் கதை எல்லாக் கடைக்கும் பொருந்தாது. உங்கள் கடைப் பெயருக்குப் போட்டிக் கடைக்காரரும் ஏலம் கேட்கலாம். கூகுள் அதைத் தடுப்பதில்லை. யார் யார் ஏலத்தில் நிற்கிறார்கள் என்பதை 'ஆக்‌ஷன் இன்சைட்ஸ்' அறிக்கை காட்டும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

போட்டியாளர் இருந்தால், 'டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர்' என்ற முறை பொருத்தமானது. நூறு தேடலில் எத்தனை முறை மேலே தெரிய வேண்டும் என்று சொல்லிவிடலாம். கூடவே, ஒரு கிளிக்குக்கு இதற்கு மேல் தரமாட்டேன் என்று உச்ச வரம்பும் வைக்க வேண்டும். வரம்பில்லாவிட்டால், இலக்கை எட்ட இயந்திரம் விலையை ஏற்றிக்கொண்டே போகும். உங்கள் பெயருக்கு உங்கள் விளம்பரமே அதிகப் பொருத்தம் என்பதால், பொதுவாகக் குறைந்த விலையே போதும்.

'மேக்சிமைஸ் கன்வெர்ஷன்ஸ்' முறையில் கடைப் பெயரையும் மற்றச் சொற்களையும் ஒன்றாகப் போடாதீர்கள். எளிதில் வெற்றி கிடைக்கும் பெயரிலேயே பணம் போய்ச் சேரும்.

அக்கா ஜனவரியில் இரண்டு வாரம் பெயர் விளம்பரத்தை நிறுத்தினார். விளம்பர அறிக்கையை ஒதுக்கிவிட்டு, கடைக்கு வந்த அழைப்புகளையும் கல்லாவையும் மட்டும் பார்த்தார். இரண்டும் குறையவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், போட்டிக் கடை தலைகாட்டினால் மட்டும், வரம்போடு மீண்டும் தொடங்குவதாக முடிவு. மிச்சமான ரிங்கிட் இப்போது "கிள்ளான் பட்டுப் புடவை" என்று தேடுபவர்களுக்குப் போகிறது. அக்கா கடையின் பெயர் அவர்களுக்கு இன்னும் தெரியாது.