தாத்தா பேசுற சில்லு

தாத்தா போய் ஒரு வருஷம் ஆகப்போற நேரம். புரட்டாசில தெவசம்னு நாள் குறிச்சாச்சு. ஆச்சி எனக்கு போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏய்யா, தாத்தாவ போன்ல நெறைய எடுத்து வச்சிருக்கியாமே. அத நம்ம டிவில ஓடுற மாதிரி ஒரு சில்லுல போட்டுக் கொண்டா."

சில்லுன்னா மெமரி கார்டு. அம்பாசமுத்திரத்துல ஆச்சி வீட்டுல அது பழைய விஷயம். தாத்தா ஒரு மொபைல் கடையில 8 ஜிபி கார்டுல பழைய பாட்டா ஏத்தி வாங்கிட்டு வந்து, கார்டு ரீடர்ல சொருகி, டிவிக்குப் பின்னாடி யுஎஸ்பில மாட்டி வச்சிருந்தார். விளக்கு வச்ச உடனே அது ஓட ஆரம்பிக்கும். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆச்சிக்கு போன் திரை சரியா தெரியாது, விரல் பட்டு எங்கயாவது போயிடும். ஆனா டிவி ரிமோட்ட பாக்காமலே அமுக்குவாங்க.

நான் இசிஇ இறுதியாண்டு. வீடியோவ டிவில போடுறதெல்லாம் ஒரு வேலையான்னுதான் நெனச்சேன்.

எங்கிட்ட, சித்தப்பாகிட்ட, அத்தைகிட்ட இருந்ததெல்லாம் சேத்தா 61 கிளிப். பிளேஸ்மெண்ட் சீசன் நடுவுல, ஹாஸ்டல்ல மூணு வாரம் உக்காந்து கேடிஎன்லைவ்ல எடிட் பண்ணேன். நடுங்குனது, ஃபோகஸ் போனது எல்லாத்தையும் வெட்டுனேன். கலர் கரெக்‌ஷன், பின்னணியில புல்லாங்குழல், ஆரம்பத்துல தமிழ்ல டைட்டில். மொத்தம் 38 நிமிஷம். ரூம்மேட் பாத்துட்டு "மச்சி, அழ வச்சுட்ட"ன்னான். அந்தத் தெம்போட புது 64 ஜிபி கார்டுல ஏத்திட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

தெவசத்துக்கு மூணு நாள் முன்னாடி. கார்ட மாட்டுனேன். சாதனம் சப்போர்ட் ஆகலன்னு டிவி ஒரே வரியில முடிச்சிருச்சு.

இதுக்கான காரணம் எனக்கு உடனே புரிஞ்சுது, அதுல கொஞ்சம் பெருமை வேற. 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டுங்க ஃபேட்32 முறையில வரும். அதுக்கு மேல போனா எக்ஸ்ஃபேட். நம்ம டிவி 2014ல தாத்தா வாங்குனது, 32 இன்ச். அதுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியல. சரி, தாத்தாவோட 8 ஜிபி கார்டுலயே போட்டுரலாம், பாட்டு போக 6 ஜிபி காலியாத்தான் கிடக்கு. காப்பி பண்ணா "ஃபைல் ரொம்பப் பெருசு"ன்னு வருது. இடம் இருக்கு, ஆனா போகாது.

என் வீடியோ விநாடிக்கு 2 எம்பி. 38 நிமிஷம்னா 2280 விநாடி. ஆக 4560 எம்பி. ஃபேட்32ல ஒரு ஃபைலோட அளவ எழுதி வைக்க 32 பிட் இடம்தான் உண்டு. அதுல எழுத முடியுற பெரிய எண் 4,29,49,67,295. அதுக்கு மேல ஒரு பைட் கூட தாண்டக் கூடாது. நான் தாண்டிட்டேன்.

ரெண்டா வெட்டிப் போட்டிருக்கலாம். மனசு வரல. ஃபைல சின்னதாக்கணும், ஆனா தரம் குறையக் கூடாது. அப்போ புதுசா இருக்குறதுலயே நல்லத எடுப்போம்னு வீடியோவுக்கு எச்.265, ஆடியோவுக்கு ஓபஸ்னு போட்டேன். வகுப்புல படிச்சத வீட்டுல பயன்படுத்துற சந்தோஷம். லேப்டாப் ராத்திரி பூரா ஃபேன இரைச்சுட்டு ஓடுச்சு. காலையில பாத்தா 2 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. கார்டுல ஏறுச்சு. டிவில ஃபைல் பேரும் தெரிஞ்சுது. ஓகே அமுக்குனா, ஓடாதுன்னு சொல்லிருச்சு.

இங்க ஒரு விஷயம். நம்மள்ல பாதிப் பேரு எம்பி4ன்னா ஓடும், எம்கேவின்னா ஓடாதுன்னு நெனச்சுட்டு இருக்கோம். அதெல்லாம் வெறும் டப்பா. டிபன் கேரியர் மாதிரி. உள்ள இட்லி இருக்கா, பிரியாணி இருக்கான்னு மூடிய பாத்துச் சொல்ல முடியாது. உள்ள இருக்குற கோடெக்க பிரிக்கத் தெரிஞ்சாத்தான் படம் வரும். லேப்டாப்புல விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர் எல்லாத்தையும் தானே சுமந்துட்டு வர்றதால நமக்கு இந்தக் கவலையே வந்ததில்ல. டிவில அந்த வேலைய பாக்குறது ஒரு சிப். அது பொறக்கும்போது என்ன தெரியுமோ அதுதான் கடைசி வரைக்கும். எச்.264 வந்தது 2003ல, எச்.265 வந்தது 2013ல. 2014ல தள்ளுபடியில வாங்குன டிவிகிட்ட போய் அத எதிர்பாத்தது என் தப்பு.

மறுபடி எச்.264. இந்தத் தடவ எஃப்எஃப்எம்பெக்ல ஒரு வரி கமாண்ட். வீடியோவ மட்டும் மாத்து, ஆடியோ அப்படியே இருக்கட்டும்னு குடுத்துட்டுத் தூங்கிட்டேன்.

தெவசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அத்தை, சித்தப்பா, பிள்ளைங்க எல்லாரும் வந்தாச்சு. ஆச்சிக்கு நாற்காலி போட்டு டிவிக்குப் பக்கத்துல உக்கார வச்சோம். படம் வந்துச்சு. டைட்டில்ல ரெண்டு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிஞ்சுது. டிவி படத்த கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுற பழக்கம், பிக்சர் செட்டிங்ல மாத்திக்கலாம். அது பரவால்ல. தாத்தா வந்தார். வாய் அசையுது. சத்தம் இல்ல.

"ஏய்யா, என்ன சொல்லுதாவ? சத்தமே வரலியே."

ஓபஸ். ஆடியோவ நான் மாத்தவே இல்ல.

நிறுத்தலாம்னு ரிமோட்ட எடுத்தேன். "இருக்கட்டும், ஓடட்டும்"னாங்க ஆச்சி. அப்புறம் 38 நிமிஷமும் அவங்களே சொல்லிட்டு வந்தாங்க. இது கிணத்துல தண்ணி ஏறிருக்குன்னு காட்டுதாவ. இது அத்தை மகளுக்குக் காது குத்துனப்ப, மாமாவ கேலி பண்ணுதாவ. தாத்தா மோட்டார் காயில் கட்டுற பட்டறை வச்சிருந்தவர். பட்டறையில எடுத்த கிளிப் வந்தப்ப, "இது, சாப்ட்டியான்னு உங்கிட்ட கேக்காவ"ன்னாங்க.

அங்க அவர் அத கேக்கல. எனக்கு நல்லாத் தெரியும், அந்த கிளிப்ப குறைஞ்சது அம்பது தடவ பாத்திருக்கேன். ஆனா அந்த நேரத்துல திருத்த மனசு வரல.

அன்னைக்கு ராத்திரி, ஊகிக்குறத நிறுத்திட்டு டிவிக்கு என்னதான் தெரியும்னு தேடலாம்னு முடிவு பண்ணேன். மூணு நாளா செய்யாத வேலை. சித்தப்பாதான் சொன்னார், "தாத்தா எல்லா புஸ்தகத்தையும் பீரோவுல வச்சிருப்பாவல்லா". மிக்ஸி, ஃபேன், கிரைண்டர், எல்லாத்தோட மேனுவலும் பாலிதீன் கவர்ல, பில்லோட இருந்துச்சு. ஒரு மோட்டார பிரிச்சா, பழைய காயில வெட்டுறதுக்கு முன்னாடி எத்தன சுத்து, என்ன கேஜ் கம்பின்னு நோட்டுல எழுதி வைக்குற ஆள் அவர். மேனுவல தூக்கிப் போடுவாரா? டிவி மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல ஒரு டேபிள். ஃபேட்32, என்டிஎஃப்எஸ். வீடியோ எச்.264. ஆடியோ எம்பி3, ஏஏசி, ஏசி3. நான் மூணு ராத்திரி தலைய முட்டுனது எல்லாமே அந்த அரைப் பக்கத்துல இருந்துச்சு.

வீடியோவ தொடாம ஆடியோவ மட்டும் ஏஏசிக்கு மாத்த ஆன நேரம், ரெண்டு நிமிஷம் கூட இல்ல.

மறுநாள் படையல் எல்லாம் முடிஞ்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டோம். தாத்தா குரல் வந்துச்சு. அத்தை முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. ஆச்சி அழல, முகத்த சுளிச்சாங்க. "அந்தக் குழல யாருய்யா ஊதுதா? நிறுத்து. உங்க தாத்தா பேச்சே வெளங்கல." ஹெட்போன்ல கேட்டு மிக்ஸ் பண்ணப்ப புல்லாங்குழல் மெல்லிசாத்தான் இருந்துச்சு. டிவியோட சின்ன ஸ்பீக்கர்ல அது தாத்தாவ அமுக்கிருச்சு.

பட்டறை கிளிப் வந்துச்சு. தாத்தா கைய துடச்சுட்டு நிமிந்து, "ஏல, அந்த எழவ ஆஃப் பண்ணு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஆச்சிய பாத்தேன். நேத்து சொன்னது தப்புன்னு இப்போ தெரிஞ்சிருக்குமேன்னு.

"அதுக்கு முன்ன கேட்டாவ. நீ வெட்டிட்ட."

நான் பதில் சொல்லாம லேப்டாப்ப எடுத்து அந்த ஒரிஜினல் கிளிப்ப திறந்தேன். மொதல்ல 11 விநாடி, கேமரா ஃபோகஸ் பிடிக்காம முன்ன பின்ன ஓடுது, படம் பூரா மங்கல். அதுக்குள்ள தாத்தா குரல் மட்டும். "சாப்ட்டியால? ஆச்சி இட்லி வச்சிருக்கா, போ, ஆறிரும்." பின்னாடி ஆச்சி ஏதோ சொல்ற சத்தமும் இருக்கு. அவங்க அன்னைக்கு அங்கதான் நின்னுருக்காங்க. படம் சரியில்லன்னு மியூட்ல வச்சே அந்தத் துண்ட வெட்டிப் போட்டிருக்கேன்.

61 கிளிப்லயும் நான் வெட்டுனத கூட்டிப் பாத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல வந்துச்சு. தண்ணி குடிக்குறது, இருமுறது, பேர் மறந்துபோய் யோசிக்குறது, "ஓடுதா இது?"ன்னு போன பாத்து கேக்குறது. எல்லாம் எனக்கு வேஸ்ட் ஃபுட்டேஜ்.

சாயங்காலமே பஜாருக்குப் போய் 32 ஜிபி கார்டு ஒண்ணு வாங்குனேன். ஃபேட்32லயே வந்துச்சு. எடிட் பண்ணத ஒரு ஃபோல்டர்ல, குழல் இல்லாம. இன்னொரு ஃபோல்டர்ல 61 கிளிப்பும் எடுத்தது எடுத்தபடியே. இதுல ஒரு கூத்து என்னன்னா, பழைய போன்ல எடுத்த கிளிப்பெல்லாம் எச்.264, ஏஏசி, எம்பி4தான். ஒரு கன்வெர்ஷனும் இல்லாம அந்த டிவில ஓடுச்சு. மொத நாளே அப்படியே காப்பி பண்ணிக் குடுத்திருந்தா வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

போன வாரம் ஆச்சிகிட்ட பேசுனேன். விளக்கு வச்சதும் இப்போ ஒரு நாள் பாட்டு சில்லு, ஒரு நாள் தாத்தா சில்லாம். எந்த ஃபோல்டர் பாக்குறீங்கன்னு கேட்டேன். நான் எடிட் பண்ணத அத்தை வந்தா போடுவாங்களாம். "எல்லாம் ஓடுதுய்யா. கோயில்ல எடுத்தது ஒண்ணு மட்டும் வரமாட்டேங்கு."

அது சித்தப்பா புது போன்ல எடுத்தது, எச்.265. 40 விநாடிதான். மாத்தி வச்சாச்சு. பொங்கல் லீவுக்குப் போறப்ப கார்டுல ஏத்தணும்.