பழைய படிகளும் புதிய வண்ணமும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது என் மகன் கணினி விளையாட்டு ஒன்றை வாங்கித் தருமாறு கேட்டான். விலை 250 வெள்ளிக்குச் சற்று அதிகம்.

“முற்றிலும் புதிய விளையாட்டா?” என்றேன்.

“இல்லையப்பா, பழைய விளையாட்டுத்தான். மறுபடியும் செய்திருக்கிறார்கள்.”

“அப்படியானால் இதில் புதிதாக என்ன இருக்கிறது?”

இக்கேள்வி ஒரு தந்தையின் சட்டைப்பையிலிருந்து பிறந்தது. இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலிருந்துதான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை, ஏற்கெனவே ஒருமுறை விற்றுவிட்ட பொருளுக்கு மீண்டும் கொடுப்பதா என்று கேட்பது குற்றமாகாது. ஆயினும் கேட்ட பிறகு அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வி அதுதானா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்கு என் தம்பியும், செலாயாங்கில் நாங்கள் வளர்ந்த வீடும் காரணம்.

மறுபடி வருவன எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பழைய ஆட்டத்தை உள்ளது உள்ளபடியே இன்றைய கருவிகளில் ஓடச் செய்வது மறுவெளியீடு. ஆட்டத்தின் எலும்பையும் நரம்பையும் தொடாமல், படத்தையும் ஒலியையும் துலக்குவது மெருகூட்டிய பதிப்பு. அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவது மறுஆக்கம். 1997-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ என்னும் ஜப்பானிய ஆட்டத்தின் மறுஆக்கம் 2020-இல் வெளிவந்தபோது, மூலக்கதையின் முதல் நகரத்தை மட்டுமே ஒரு முழு ஆட்டமாக விரித்தது. கதையின் போக்கையும் ஆங்காங்கே மாற்றியது. இதற்கு நேர்மாறாக, 2013-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2014-இல் மெருகூட்டப்பட்டு, 2022-இல் மூன்றாம் முறையாக 70 டாலர் விலையில் வந்தது. படங்கள் புதியவை, கதை பழையது, முதற்பதிப்பில் பலர் கூடி ஆடுவதற்கென இருந்த பகுதியோ இதில் இல்லை. ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை விற்ற பொருளில் கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் பார்த்ததில் வியப்பில்லை.

புதியது எவ்வளவு வேண்டும் என்னும் வழக்கு விளையாட்டு உலகத்துக்கு மட்டும் உரியதன்று. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம் எண்முறையில் சீராக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரைக்கு வந்தது. அதில் ஒரு காட்சியும் புதிதாக எடுத்துச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள்.

எங்கள் செலாயாங்கின் அருகிலேயே இன்னும் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று நிற்கிறது. பத்துமலைக்கு ஏறும் வழியில் 1920-இல் மரப்படிகள் அமைத்தார்கள். பின்னர் அவை சிமெண்டுப் படிகளாயின. இன்று 272 படிகள். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் குடமுழுக்கையொட்டி அப்படிகள் முழுவதும் பல வண்ணங்கள் பூசப்பட்டன. ஒரு சாரார் மகிழ்ந்தனர். ஒரு சாரார் முகம் சுளித்தனர். மரபுடைமைத் துறையின் அனுமதியின்றிச் செய்த செயல் என்ற சர்ச்சையும் எழுந்தது. நானும் முதலில் முகம் சுளித்தவர்களில் ஒருவன். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் ஏறிப்பார்த்தேன். வண்ணம் கண்ணைப் பறித்தது. ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்குமோ அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கியது. மேலே சென்றால் குகையின் குளிர்ச்சியும் அதே குளிர்ச்சி. குடமுழுக்கு என்பதே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பிப்பதுதானே! கோபுரத்துக்கு எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் பூசலாம். கருவறையில் இருப்பவரை மாற்றுவதில்லை.

இந்த நினைவோடுதான் என் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

1998-ஆம் ஆண்டு வாக்கில் செலாயாங் கடைவரிசையொன்றின் மாடியில் கணினிக் கடை ஒன்று இருந்தது. மணிக்கு மூன்று வெள்ளி. அங்கே கணினிகளைக் கம்பியால் இணைத்து வைத்திருந்தார்கள். நானும் தம்பியும் எதிரெதிரே அமர்ந்து ‘ரெட் அலர்ட்’ ஆடுவோம். 1996-இல் வந்த போர் விளையாட்டு அது. தாது பொறுக்கி வர லாரி அனுப்ப வேண்டும். அந்தப் பணத்தில் படை கட்ட வேண்டும். அந்த லாரிக்கு அறிவு கிடையாது. பக்கத்தில் இருக்கும் தாதுவை விட்டுவிட்டு எதிரியின் பாசறைக்குள் தானே போய் நிற்கும். “அண்ணே, உன் லாரி என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு!” என்று தம்பி கூவுவான். கடைக்காரர் அதட்டுவார். வீடு திரும்பும் வழியெல்லாம் சிரிப்போம்.

காலம் ஓடியது. தம்பி வேலை தேடிச் சிங்கப்பூருக்குச் சென்றான். அப்பா மறைந்தார். அப்பா வாங்கிய மலிவு விலை வரிசை வீட்டில் அம்மாவோடு நான் தங்கினேன். 2017-இல் கடன் எடுத்து அவ்வீட்டைப் புதுப்பித்தேன். கூரையை உயர்த்தினேன், சமையலறையைப் பின்புறம் நீட்டினேன், கூடத்துக்கும் நாங்கள் படுத்துறங்கிய சிறிய அறைக்கும் இடையே இருந்த சுவரை இடித்தேன். அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு பொங்கலன்றும் அப்பா எங்களை நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடிட்டு ஆண்டைக் குறிப்பார். இடிக்கும் நாளில் அக்கோடுகள் என் நினைவுக்கு வரவில்லை. தம்பியையும் நான் கேட்கவில்லை.

அவ்வாண்டு தீபாவளிக்கு வந்தவன் வாசலில் நெடுநேரம் நின்றான். “வீடு நல்லா இருக்கு அண்ணே. நம்ம வீடு எங்கே?” என்றான். நான் கடன் பட்டவன்; உழைத்தவன். எனக்குச் சினம் வந்தது. சொல்லத் தகாத சொல் ஒன்றைச் சொன்னேன். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சு அம்மாவின் வழியாக மட்டுமே நடந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் செலாயாங் பாசார் போரோங் சுற்றுவட்டாரம் இன்னும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் சென்றது. முள்கம்பி வேலிகள் எழுந்தன. சிங்கப்பூர் எல்லையும் அடைபட்டது. அந்த ஜூன் மாதம் 5-ஆம் நாள் ‘கமாண்ட் அண்டு காங்கர்’ வரிசையின் முதல் ஆட்டமும் ‘ரெட் அலர்ட்’டும் மெருகூட்டப்பட்டு ஒரே தொகுப்பாக வெளிவந்தன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. மூல ஆட்டத்தை உருவாக்கியவர்கள் சிலர் பணியாற்றும் பெட்ரோகிளிஃப் நிறுவனம் ஆக்கியது. படங்களைப் புதிதாக வரைந்தது லெமன் ஸ்கை என்னும் நிறுவனம். அது எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று அறிந்தபோது ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்து ஆடிய ஆட்டத்தின் டாங்கிகளை எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் திரும்ப வரைந்திருக்கிறார்கள்!

விலை 20 டாலர். இரண்டு ஆட்டங்களும் அவற்றின் மூன்று இணைப்புத் தொகுதிகளும் அதில் அடக்கம். வாங்கி, தனியே ஆடத் தொடங்கினேன். படங்கள் தெளிவாக, அழகாக இருந்தன. விசைப்பலகையின் நீண்ட இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் பழைய படம் தோன்றும் என்று குறிப்பு இருந்தது. அழுத்தினேன். மறுகணமே திரை மங்கியது. சொரசொரப்பான பழைய புள்ளிப் படம் வந்தது. அதே போர், அதே கணம், அதே லாரி. லாரி அப்போதும் எதிரியின் வாசலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. என் கண்கள் நிறைந்தன. அன்றிரவே அந்தக் காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். மூன்று ஆண்டுகளில் நான் அவனுக்கு நேரே அனுப்பிய முதற்செய்தி அது. பத்து நிமிடத்தில் மறுமொழி வந்தது: “லாரி இன்னும் திருந்தலையா அண்ணே?” மறுவாரம் இணையத்தின் வழியே இருவரும் மோதினோம். அவன்தான் வென்றான்.

அந்தத் தொகுப்பில் புதியது எவ்வளவு? புதுக் கதை இல்லை. புதுப் படைப்பிரிவு இல்லை. பழைய ஆட்டத்துக்கென நடிகர்களை வைத்துப் படம் பிடித்தபோது எஞ்சிய காட்சிகளைச் சேர்த்திருந்தார்கள்; பழைய இசையமைப்பாளரைக் கொண்டே சில பாடல்களை மீண்டும் பதிவு செய்திருந்தார்கள்; ஆட்டத்தின் மூலநிரலின் பெரும்பகுதியை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார்கள். ‘புதிதாக என்ன?’ என்ற கேள்விக்கு அது தந்த விடை சிறியதே. எனினும் உலகெங்கும் பாராட்டு விளைந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் வந்த மற்றொன்றை இதனோடு ஒப்பிட வேண்டும். 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ என்னும் ஆட்டத்தின் புதுப்பதிப்பு அது. விலை 30 டாலர். அதன் படங்களிலும் லெமன் ஸ்கையின் கைவண்ணம் உண்டு. 2018-இல் முன்னோட்டமாகக் காட்டிய புதிய காட்சியமைப்புகள் பல வெளியீட்டின்போது வரவில்லை. அதனினும் கொடியது மற்றொன்று. புதியதை வாங்காமல் பழையதோடு நிறைவடைந்தவர்களுடைய பழைய ஆட்டத்தின் இடத்தையும் புதிய நிரலே பிடித்துக்கொண்டது. முன்பிருந்த வசதிகள் சில காணாமற்போயின. கண்டனம் பெருகவே, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. 2021 நவம்பரில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ முத்தொகுப்புக்கும் இதே கதைதான். புதியது வந்தபோது பழைய மூன்று ஆட்டங்களும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. புதியதில் குறைகள் மலிந்திருக்கவே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கணினிக்குரிய பழைய பதிப்புகளை மீண்டும் விற்பனைக்கு வைத்தது.

ஒரே பள்ளத்தாக்கின் கைகள் வரைந்த இரண்டில் ஒன்று போற்றப்பட்டது, மற்றொன்று தூற்றப்பட்டது. ஆகவே குற்றம் வரைந்த கைகளுடையதன்று. வாக்கைக் காப்பாற்றியதா, பழையதற்கு வழிவிட்டதா என்பதே வேற்றுமை.

புதியதே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. முழு விலை கேட்பவன் முழு உழைப்பைக் காட்டக் கடமைப்பட்டவன். வெறும் மறுவெளியீட்டுக்கு மறுஆக்கத்தின் விலை கேட்பது நேர்மையாகாது. துணிவுள்ள மறுஆக்கம் கதையையே மாற்றினாலும் அதை நான் வரவேற்பேன். கம்பன் வந்ததால் வான்மீகி அழிந்துவிடவில்லை அன்றோ? ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழையதை விரும்புபவன் பழையதிடம் செல்லும் கதவு திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்த 87-இல் ஒன்று உள்ளது உள்ளபடியே திரும்ப வருமானால், அதில் புதிதாக ஒரு புள்ளியும் சேர்க்காவிட்டாலும் அது நற்பணியே. இளைஞனுக்கு அது முழுவதும் புதியது. எங்களைப் போன்றோர்க்கு அது வீடு திரும்புதல்.

இத்தனையும் பிறருடைய நிறுவனங்களைப் பற்றி எழுதுவது எளிது. என் வீட்டைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. நானும் ஒரு பழையதைப் புதுப்பித்தவன்தான். கூரை ஒழுகவில்லை, அம்மாவுக்கு வசதியான சமையலறை கிடைத்தது, அவையெல்லாம் தேவையான புதுமைகளே. இடித்ததற்காக நான் வருந்தவில்லை. இடிப்பதற்கு முன் அந்தச் சுவரை ஒரு படம்கூட எடுக்காமல், அதில் என்னோடு சமபங்கு உடையவனை ஒரு வார்த்தை கேட்காமல் இடித்தேனே, அதற்காகத்தான் வருந்துகிறேன்.

சென்ற தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். அம்மாவின் பழைய இரும்புப் பெட்டியில் கிடைத்த நிழற்படம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினேன். பொங்கலன்று அம்மா எடுத்த படம். நாங்கள் இருவரும் பல்லைக் காட்டி நிற்கிறோம். பின்னால் அந்தச் சுவர். உற்றுப் பார்த்தால் பென்சில் கோடுகள் நான்கு தெரிகின்றன. அதைப் பெரிதாக்கி, சுவர் இருந்த இடத்துக்கு நேரே தூணில் மாட்டினோம். ஆணி அடித்தவன் தம்பி. அவனுடைய மகளும் என் மகனும் அதன் கீழ் நின்று யார் உயரம் என்று பார்த்துக்கொண்டார்கள்.

மகன் கேட்ட விளையாட்டைப் பற்றி இப்போது வேறொரு கேள்வியைக் கேட்டேன்: “இதன் பழைய பதிப்பு இன்னும் கிடைக்கிறதா?” தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கிறது என்றான். விலை புதியதில் பாதிகூட இல்லை. “முதலில் அதை ஆடிப் பார். பிறகு புதியதையும் வாங்கலாம்” என்றேன்.

படம் நன்றாக இல்லை என்று முதல் நாள் முணுமுணுத்தான். இப்போது உணவுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை.