வானரப் படையில் ஒரு குரங்கு

நாட்டிய நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து ஒன்றரை மாசம் ஆகிறது. காலேஜில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால், மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "பி.காம். கடைசி வருஷத்துல இது தேவையா?"

நியாயமான கேள்விதான். வெள்ளானூரிலிருந்து பஸ் பிடித்து ஆவடி, அங்கிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல், பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறித் திருவான்மியூர். ஒரு வழிக்கே சுமார் இரண்டு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள். இவ்வளவும் செய்து எனக்குக் கிடைத்திருக்கும் வேடம் என்ன தெரியுமா? ராமாயணத்தில் வானரப் படை. அதிலே ஒரு குரங்கு. பத்து வருஷம் பரதம் கற்றுக்கொண்ட பிறகு! :-)

"குரங்கா வேஷம் கட்டுறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமாடி? வீட்லயே அதைத்தானே பண்ற" என்றாள் அம்மா. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்மூரில் நடனம் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு ஒரே ஒரு பாதைதான் காட்டுவார்கள். அடவு, அலாரிப்பு, வர்ணம், அரங்கேற்றம். மேடையில் நீ மட்டும். பாடுகிறவர், நட்டுவாங்கம், மிருதங்கம் எல்லாம் உனக்காக. அரங்கேற்றம் என்றால் மண்டபம், நகை, உடை, வாத்தியக்காரர்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஒரு சின்னக் கல்யாணச் செலவு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பார்த்ததும் மூடி வைத்துவிட்டோம். அதோடு என் நடனமும் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

குழு என்று இன்னொரு பாதை இருப்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதன் கதையைத் தேடிப் படிக்கப் போய் ஒரு சுவாரசியமான ஆள் கிடைத்தார்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாலே. பாலே என்றால் முனைவிரலில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் நம் நாட்டிய நாடகத்துக்கும் பாலேக்கும் ஒரு உறவு உண்டு. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா 1923-இல் லண்டனில் இந்தியக் கதைகளை வைத்து நடனம் அமைத்தபோது, அங்கே ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கரைச் சேர்த்துக்கொண்டார். முறையாக எந்த நடனமும் கற்றிராத அந்த மாணவர் கிருஷ்ணனாக ஆட, பாவ்லோவா ராதையாக ஆடினார். அதே பாவ்லோவாவை 1928-இல் பம்பாயில் பார்த்து மயங்கியவர் நம் ருக்மிணி தேவி. பாவ்லோவா குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கவும் ஆரம்பித்தார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதால் பரதத்துக்கு வந்தார் என்பார்கள். 1936-இல் கலாக்ஷேத்ரா. பிறகு அங்கே குற்றாலக் குறவஞ்சியில் ஆரம்பித்து ராமாயணம் வரை வரிசையாக நாட்டிய நாடகங்கள். நம்மூரில் பழைய ஆட்கள் இவற்றையும் 'பாலே' என்றே சொல்வார்கள்.

இப்போது நான் சொன்ன ஆள். பெயர் லக்ஷ்மி. 1926-இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். 1939-இல் உதய் சங்கரின் குழு மெட்ராஸுக்கு வந்தபோது அவருக்கு வயசு பதிமூன்று. அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார். சேர்ந்து போனது எங்கே? இமயமலை அடிவாரத்தில் அல்மோரா. இங்கே பறக்கும் ரயிலுக்கே வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது!

அல்மோராவில் உதய் சங்கர் நடத்திய மையம் சில வருஷங்கள்தான் இருந்தது. ஆனால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை பரதம் சொல்லிக்கொடுத்தார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. சங்கீதத்துக்கு அலாவுதீன் கான். ஆசிரியர்களில் ஒருவர் ஸோஹ்ரா சேகல். மாணவர்களில் ஒரு பையன் பின்னால் சினிமாவில் பெரிய ஆளான குரு தத். ஒரே பாணியில் ஊறிப்போகாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, சேர்ந்து ஆடக் கற்றுக்கொள்வதுதான் அங்கே படிப்பு.

லக்ஷ்மி 1941-இல் உதய் சங்கரின் தம்பி ராஜேந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டு லக்ஷ்மி சங்கர் ஆனார். பிறகு உடம்புக்கு முடியாமல் போய் ஆட்டத்தையே விட வேண்டிவந்தது. என் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு நாள் பூஜ்யம் என்று எழுதுவோம். ஆடுகிறவர் உடம்பும் அப்படித்தான் என்று அப்பா வாதாடினார். "முப்பது வயசுக்கு மேல என்னம்மா மிச்சம் இருக்கும்?"

லக்ஷ்மி சங்கருக்கு மிச்சம் இருந்தது. முன்பே கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரியும். அதை வைத்துக்கொண்டு உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் ஹிந்துஸ்தானி பாட்டுக் கற்றார். பிறகு தன் கொழுந்தனார் ரவி சங்கரிடமும் கற்றார். 1974-இல் ஜார்ஜ் ஹாரிசனோடு வட அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடினார். 2013-இல் கலிபோர்னியாவில் காலமாகும்போது உலகம் அவரைப் பாடகியாகத்தான் அறிந்திருந்தது. பதிமூன்று வயசில் குழுவில் சேர்ந்த அந்த முடிவை நஷ்டக் கணக்கில் எழுத முடியுமா? அந்தக் கதவு வழியாகத்தான் மற்றதெல்லாம் வந்தது.

பதிமூன்று எங்கே, இருபத்தொன்று எங்கே, உனக்கு லேட் இல்லையா என்பது அடுத்த கேள்வி. டெல்லியில் கமல் சிங் என்று ஒரு பையன். அப்பா சைக்கிள் ரிக்ஷா, ஈ-ரிக்ஷா ஓட்டியவர். பாலேக்குப் பதினேழு வயசு என்றால் கிழம். அந்த வயசில்தான் ஆரம்பித்தான். 2020-இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு ஊர் உலகமெல்லாம் பணம் போட்டது. வெளிநாட்டில் இளைஞர்களுக்கென்றே தனிக் குழுக்களும் உண்டு. நெதர்லாந்து டான்ஸ் தியேட்டர் 1978-லேயே இளையவர்களுக்காக இரண்டாவது குழு வைத்தது. பள்ளி முடிந்தாயிற்று, முழுக் கலைஞராகவும் ஆகவில்லை என்கிற இரண்டுங்கெட்டான் வயசுக்கு அது. நான் இப்போது நிற்கிற இடமும் அதேதான்.

சரி, இந்த ஒன்றரை மாசத்தில் என்ன கற்றேன்?

அரைமண்டி எனக்கு நன்றாக வரும் என்ற திமிர் உண்டு. முதல் நாளே அண்ணா (மாஸ்டரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) சொன்னார், "நீ ரொம்ப நல்லா உட்காருற. பக்கத்துல இருக்கறவ உட்கார முடியற அளவுக்கு உட்காரு." பத்துப் பேரின் தலையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தீர்மானம் முடிந்ததும் ஒரு கணம் அசையாமல் நின்று கைதட்டலுக்குக் காத்திருப்பது தனியாக ஆடுகிறவர்கள் பழக்கம். இங்கே அந்த ஒரு கணம் நின்றால் பின்னாலிருந்து இன்னொரு குரங்கு வந்து இடிக்கும். கழுத்தைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் இடைவெளியை அளக்க வேண்டும். யாருக்காவது கால் பிசகினால் நிற்காமல் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

தனியாக ஆடியபோது நான் நன்றாக ஆடுகிறேனா என்பது ஒன்றுதான் என் கவலை. இப்போது நாங்கள் நன்றாக ஆடுகிறோமா என்று யோசிக்கிறேன். எழுதும்போது சின்ன வித்தியாசமாகத் தெரிகிறது. ஆனால் இது பிடிபட எனக்கு மூன்று வாரமும் ஒரு முழங்கால் வீக்கமும் ஆயின.

வீட்டு நிலவரம்: இந்த செமஸ்டரில் அரியர் விழாதவரைக்கும் போகலாம் என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆவடி ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்பவரும் அவர்தான். சம்பளம் கிடையாது, ஷோ அன்றைக்குச் சாப்பாடு மட்டும். பரீட்சைக்குப் பிறகு என்ன என்பது இன்னும் பேசி முடிக்காத விஷயம். சி.ஏ. புத்தகங்களும் மேஜை மேல்தான் இருக்கின்றன.

ஷோ தேதி முடிவானதும் சொல்கிறேன், கட்டாயம் வாருங்கள். ஆனால் நான் எந்தக் குரங்கு என்று தேடாதீர்கள். கூட்டத்தில் என்னை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், நான் சொதப்புகிறேன் என்று அர்த்தம்.