மாம்பழத்துக்கும் முட்டிக்கும் நடுவே

மாங்கனித் திருவிழாவன்று பிட்சாடனர் பவழக்கால் விமானத்தில் வர, மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். நான் பிடித்ததைவிட அத்தை மடியிலிருந்து எடுத்துத் தின்றதே அதிகம். புஷ்டியான பிள்ளை என்று அப்போது கன்னத்தைக் கிள்ளியவர்கள்தான் பின்னாளில் கடற்கரைச் சாலையில் நடக்கப்போன என்னை மறித்து, "என்னம்மா, இப்பத்தான் ஆரம்பிச்சியா?" என்றார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு மெஷின் இருந்தால் தேவலை என்று தோன்றியது அந்தக் கேள்வியால்தான்.

கடைத் தம்பி நேரே ட்ரெட்மில்லுக்குத்தான் அழைத்துப் போனான். "நாலு ஹெச்.பி. அக்கா!" அது உச்சத் திறன், தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தருவது அதைவிடக் குறைவு. அதை அவன் சொல்லவில்லை. குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன்: அதிகபட்ச எடை 100 கிலோ. நான் 104. நம் எடைக்கு மேல் பதினைந்து, இருபது கிலோவாவது தாங்கும் என்று எழுதியிருந்தால்தான் அந்த மெஷின் பக்கமே போகவேண்டும்.

அதோடு முட்டி. பருமனும் மூட்டுத் தேய்மானமும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறைகிறதாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. அந்த முதல் கிலோவைக் குறைக்கும்வரை முட்டி என்ன செய்யும்?

எங்கள் ஊர்ப் புனிதவதிக்கு, அதான் காரைக்கால் அம்மையாருக்கு, இந்தக் கவலை இல்லை. அவர் கதையும் மாம்பழத்தில்தான் தொடங்குகிறது. கணவன் விலகிப்போனதும், அவனுக்காகச் சுமந்த சதை இனி எதற்கு என்று சிவனிடம் கேட்டு, அந்தக் கணமே எலும்பும் நரம்புமாகிப் பேயுருக் கொண்டார். கயிலாயத்துக்குக் காலால்கூட நடக்கவில்லை, தலையால் போனார். அழகு வேண்டாமென்று உதறியவரைக் கும்பிடுகிற ஊர், என்னை மட்டும் அழகுக்காக இளைக்கச் சொல்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் எல்லாரும் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். கோயிலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு.

நானும் உட்கார்ந்து மிதிப்பதையே எடுத்தேன். சாதாரண எக்ஸர்சைஸ் சைக்கிளின் சீட்டு கையகலம். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடத் தோன்றும். இது ரெகம்பன்ட்: அகலமான இருக்கை, முதுகுக்குச் சாய்மானம், கால் முன்னால் நீண்டு மிதிக்கும். ஏற உயரத் தாண்டவும் வேண்டாம். காந்த இழுவை என்பதால் கரண்ட் போனாலும் ஓடும். உப்புக்காற்றுதான் எதிரி, போல்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவிவிடுகிறேன்.

இளைப்பதில் பெரும்பங்கு சோற்றுத் தட்டுக்குத்தான். மிதித்ததற்குப் பலனாக முட்டி இலகுவானது, படியேறினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது. மாங்கனித் திருவிழா வரும் ஆனி மாதம் மட்டும் தட்டுக்குக் கணக்கில்லை. திரையில் ஓடும் கலோரி எண்ணையும் நான் நம்புவதில்லை. என் எடை என்ன என்று இந்த மெஷின் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ஒல்லிப் பையன் ஏறி மிதித்தாலும் அதே எண்ணைத்தான் காட்டுகிறது.